பழனிப் பாதயாத்திரைக்குக் கேமரா கொண்டுபோகிறவர்களுக்கு

தை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, மதுரை என்று பல பக்கமிருந்தும் பழனியைப் பார்த்துக் கூட்டம் நடக்க ஆரம்பித்துவிடும். காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக 150 கி.மீ.க்கு மேல் நடக்கிறார்கள். மதுரையிலிருந்து சுமார் 120 கி.மீ. திண்டுக்கல்லில் வந்து சேர்ந்துகொள்கிறவர்களுக்கும் 60 கி.மீ. வரை மிச்சமிருக்கும்.

வழியெல்லாம் படம் எடுக்க விஷயம் இருக்கிறது. விடியற்காலைப் பனியில் போகும் காவடிகள், அன்னதானப் பந்தலில் ஆவி பறக்கும் அண்டா, புளியமரத்தடியில் காலை நீட்டித் தூங்கும் பாட்டிகள். அதனால் முதல் தடவை போகிறவர்கள் பலர் வீட்டிலிருக்கும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புகிறார்கள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், அதே கேமரா குழுவோடு வரும் வேனில் பாய்க்கும் போர்வைக்கும் நடுவே கிடக்கும். அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் போனில்தான்.

கேமரா கனமாக இருந்ததால் அப்படி ஆனது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. தொங்கும் இடம் தப்பு, தொங்கிக்கொண்டு ஆடுவது அதைவிடத் தப்பு. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் முக்கால் கிலோ எடையைப் பழனி வரை சுமப்பது பெரிய காரியமில்லை. கீழே பழனியை வைத்தே சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தராசில் வையுங்கள்

சமையலறைத் தராசோ மளிகைக்கடைத் தராசோ எது கிடைத்தாலும் சரி. கேமரா, லென்ஸ், பட்டை, கூடுதல் பேட்டரி, உறை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எடை பாருங்கள். கேனான் 1500டி மாதிரியான ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், கூடவே வரும் 18-55 லென்ஸோடு 700 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சோனி ஏ6400 போன்ற மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ரகம்) என்றால் லென்ஸ் இல்லாமல் உடம்பு மட்டும் 400 கிராம் சொச்சம். ரிக்கோ ஜிஆர் 3 போன்ற பாக்கெட் கேமரா 257 கிராம்தான். பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம் உடம்பில் 24-70 எஃப் 2.8 லென்ஸை மாட்டினால் ஒன்றரைக் கிலோவைத் தொட்டுவிடும்.

ஒரு கிலோ வரை பிரச்சினையில்லை. அதற்கு மேல் போனால் எதையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வைத்துவிட்டுப் போவதற்கு முதல் தகுதி பெரிய ஜூம் லென்ஸுக்குத்தான். பாதயாத்திரையில் ஆட்கள் உங்கள் தோளை உரசிக்கொண்டு நடக்கிறார்கள், 200 மி.மீ.க்கு அங்கே என்ன வேலை? ட்ரைபாட் வேண்டவே வேண்டாம். இரண்டாவது லென்ஸாக ஒன்று எடுத்தே தீருவேன் என்றால், 160 கிராம் எடையுள்ள கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 போல ஒன்று போதும். அது வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும், ராத்திரி நடைக்கு உதவும். ஆனால் நடுரோட்டுப் புழுதியில் லென்ஸ் மாற்றக்கூடாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஒரே லென்ஸ். கிளம்பும்போது மாட்டியதைப் பழனி போய்த்தான் கழற்ற வேண்டும்.

நேர்த்திக்காகக் காவடி தூக்குகிறவரா நீங்கள்? அப்படியானால் தோளுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இடுப்புப்பையில் அடங்கும் சின்னக் கேமரா எடுங்கள், இல்லையென்றால் போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழுத்திலிருந்து இறக்குங்கள்

கேமரா வாங்கும்போது பெட்டியில் வரும் பட்டை கழுத்தில் மாட்டத் தோதாகச் செய்தது. கல்யாண வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு அது சரி. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1300 முதல் 1500 அடி எடுத்து வைக்கிறோம். நாளைக்கு 25 கி.மீ. என்றால் முப்பதாயிரம் அடிக்கு மேல். ஒவ்வொரு அடிக்கும் கேமரா ஒரு தரம் ஆடி வயிற்றில் இடிக்கும், பட்டை ஒரு தரம் பிடரியைத் தேய்க்கும். கழுத்து முன்பக்கம் இழுபடாமல் இருக்க முதுகுத் தசை பூராவும் விறைத்துக்கொண்டு நிற்கும். சாயங்காலம் தலைவலி வந்தால் வெயில் என்று நினைத்துக்கொள்வோம்.

வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வயிற்றுக்கு முன்னால் கேமரா தொங்கினால் காலடி தெரியாது. ஜல்லி, கண்ணாடிச் சில்லு, கருவேல முள் எல்லாம் அந்த மறைவில்தான் வந்து சேரும். கழுத்து மாலையையும் மறந்துவிட வேண்டாம். ருத்திராட்சமும் முருகன் டாலரும் கேமராவின் பின்திரையில் உரசி உரசிக் கோடு போட்டுவிடும். கண்ணாடித் தாள் ஒட்டினால் கொஞ்சம் தப்பிக்கலாம். கேமராவை நெஞ்சுக்கு முன்னாலிருந்து நகர்த்திவிட்டால் முழுசாகத் தப்பிக்கலாம்.

எங்கே நகர்த்துவது? மூன்று வழி இருக்கிறது. காசு அதிகமாகச் செலவாகிற வழிதான் நல்ல வழி என்றில்லை.

காசே செலவில்லாதது குறுக்குப் பட்டை. இருக்கிற பட்டையையே நீளமாக்கி, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குப் போகிற மாதிரி பூணூல் வாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடது தோள், வலது இடுப்பு. கேமரா இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் உட்கார வேண்டும், லென்ஸ் பின்னோக்கியோ கீழ்நோக்கியோ இருக்க வேண்டும். தொடைக்கு இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் இடிக்கும், விலாவுக்கு ஏறினால் கை வீச முடியாது. பெல்ட் கட்டும் மட்டம்தான் அளவு. பெட்டியில் வந்த பட்டை சில பேருக்கு அந்த நீளம் வராது. அப்போது கேமராக் கடையில் நீளமான குறுக்குப் பட்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குறுக்குப் பட்டைகளில் சில, கேமராவின் அடியிலுள்ள ட்ரைபாட் துளையில் திருகி மாட்டுகிறவை. வசதியானவைதான், கேமரா பட்டையில் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான அடிகளின் அதிர்வில் அந்தத் திருகு தானாகத் தளரும். உட்காரும் இடத்திலெல்லாம் ஒரு தடவை விரலால் இறுக்கிப் பாருங்கள். போதாததற்கு, கேமராவின் பக்கவாட்டு வளையத்திலிருந்து பட்டைக்கு ஒரு பலமான கயிறும் போட்டு வையுங்கள். திருகு கழன்றாலும் கேமரா தார்ச்சாலையில் விழாது.

புடவையோ தாவணியோ கட்டி நடக்கிற பெண்களுக்குக் குறுக்குப் பட்டை கொஞ்சம் தொல்லை தரும். முந்தானை பட்டையோடு சேர்ந்து இழுபடும். முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறதோ அதற்கு எதிர்த் தோளில் பட்டையைப் போட்டு, முந்தானையை ஊக்கு குத்திக்கொண்டால் சமாளிக்கலாம். அதைவிட அடுத்த வழி இன்னும் நல்லது.

இரண்டாவது வழி, முதுகுப்பையின் தோள்பட்டையில் கடித்துக்கொண்டு நிற்கும் உலோகக் கிளிப். பீக் டிசைன் என்ற நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த கேப்சர் இந்த வகையில் பேர்பெற்றது. இப்போது அதே மாதிரி விலை குறைந்தவையும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. கேமராவின் அடியில் ஒரு சின்னத் தகட்டைத் திருகிவிட்டு, அந்தத் தகட்டை கிளிப்புக்குள் சொருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தி இழுத்தால் கையில் வந்துவிடும். கேமரா ஆடவே ஆடாது. எடை முழுவதும் பைக்குப் போய்விடும், கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நீண்ட நடைக்கு இதைவிடச் சுகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

வலக்கைக்காரர்கள் கிளிப்பை இடது தோள்பட்டையில், மார்புக்குச் சற்று மேலே மாட்டுங்கள். அப்போதுதான் வலது கை நேராகப் போய்ப் பிடிக்கும். லென்ஸ் கீழே பார்க்க வேண்டும். நீளமான ஜூம் லென்ஸாக இருந்தால் நடக்க நடக்க அது தன் எடையிலேயே கீழே நீண்டுகொண்டு போகும். பூட்டு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை ஜூம் வளையத்தில் சுற்றிவிட்டால் அடங்கும். பையின் பட்டை ரொம்பத் தடிமனான பஞ்சோடு இருந்தால் கிளிப் கடிக்காது. ஆகவே வாங்குவதற்கு முன் பட்டையைக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். லொடலொடவென்று தொங்குகிற பள்ளிக்கூடப் பையிலும் கிளிப் நிற்காது, பட்டை கொஞ்சமாவது விறைப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, இந்தக் கிளிப் செய்கிற வேலையில் பாதியைக் குறைந்த செலவில் செய்கிற கைவேலை. முதுகுப்பையின் இரண்டு தோள்பட்டைகளிலும் மார்பு உயரத்தில் ஒவ்வொரு வளையம் தைத்திருப்பார்கள். இல்லையென்றால் பை தைக்கும் கடையில் கொடுத்தால் நைலான் நாடாவில் தைத்துத் தருவார்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கொக்கி மாட்டி, கேமராவின் இரண்டு பக்க வளையங்களையும் குட்டைக் கயிறால் அந்தக் கொக்கிகளோடு இணைத்துவிடுங்கள். கேமரா மார்பில் தட்டையாகப் படிந்து நிற்கும், எடை இரண்டு தோளுக்கும் சமமாகப் பிரியும். சாவிக்கொத்துக் கொக்கியை மட்டும் நம்பாதீர்கள், அது வளைந்து திறந்துகொள்ளும். எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருக்கும் மலையேற்றக் கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள். இதில் மார்புக்கு முன் கேமரா வந்துவிடுகிறது, அதனால் மாலை உரசும் தொல்லையும் காலடி மறைவதும் கொஞ்சம் திரும்பி வரும். சின்னக் கேமராவுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது ஒரே கையால், கீழே பார்க்காமல், மூன்று எண்ணுவதற்குள் கேமரா கண்ணுக்கு வரவேண்டும். முதுகுப்பைக்குள் உறை போட்டு, அதற்குள் துணி சுற்றி வைத்த கேமரா பத்திரமாகத்தான் இருக்கும். அதில் படம் எடுக்கமாட்டீர்கள், அவ்வளவுதான்.

பையும் கேமராவும் சண்டை போடாமல் இருக்க

பெரும்பாலான குழுக்களில் போர்வை, மாற்றுத்துணி எல்லாம் வேனில் வந்துவிடும். உங்கள் முதுகில் தண்ணீர், துண்டு, மாத்திரை, ஒரு பிஸ்கட் பாக்கெட், பவர் பேங்க் இவ்வளவுதான். மூன்று கிலோவைத் தாண்டாது. இதற்கு இடுப்புப் பட்டை வைத்த பெரிய மலையேற்றப் பை தேவையில்லை. மார்புக் குறுக்குப் பட்டை மட்டும் அவசியம். அது இல்லையென்றால் கிளிப்பில் மாட்டிய கேமரா ஒரு பக்கத் தோள்பட்டையை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய பையில் அது இல்லாவிட்டால் ஒரு துண்டை எடுத்து இரண்டு பட்டைகளையும் சேர்த்து மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

ஒரு தோளில் முக்கால் கிலோ ஏறினால் உடம்பு அந்தப் பக்கம் சாயும். அதற்கு எதிர்ப்பக்கப் பையறையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சொருகுங்கள். குடிக்கக் குடிக்க எடை குறையும், வழிநெடுக நீர்மோரும் தண்ணீரும் கொடுக்கிறார்கள், நிரப்பிக்கொண்டே போகலாம்.

குறுக்குப் பட்டை போடுகிறவர்கள் முதலில் பையை மாட்டிவிட்டு அதற்கு மேல் கேமராவைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் பந்தலில் உட்காரும் ஒவ்வொரு முறையும் பையை இறக்காமல் கேமராவைக் கழற்ற முடியாது. மூன்றாவது தடவை எரிச்சல் வரும்.

தோல் உரசல்தான் பலர் எதிர்பாராதது. சட்டை போடாமல், வெறும் துண்டோடு நடக்கிற ஆண்கள் நிறைய. நைலான் பட்டையின் ஓரம் வியர்வையும் உப்புமாக வெறும் தோலில் தேய்ந்தால் நத்தம் வருவதற்குள் சிவந்துவிடும், திண்டுக்கல் வருவதற்குள் புண்ணாகிவிடும். பருத்தித் துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டு, அதற்கு மேல் பட்டையை வையுங்கள். ஈரமானால் மடிப்பைத் திருப்பிப் போடுங்கள். உரசும் இடத்தில் கிளம்பும்போதே கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் இன்னும் நல்லது. கை கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்.

ஊரிலேயே நடந்து பாருங்கள்

விரதம் இருக்கும் நாட்களில் பலர் தினமும் காலையில் நடந்து பழகுவார்கள். அந்த நடையில் வெறுங்கையோடு போகாதீர்கள். பையில் போகப்போகிற அத்தனையும் வைத்து, கேமராவையும் மாட்டிக்கொண்டு ஒரு நாள் 5 கி.மீ., அடுத்த வாரம் ஒரு நாள் 12 கி.மீ. நடந்து பாருங்கள். முதல் கிலோமீட்டரில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். எட்டாவது கிலோமீட்டரில் எந்த இடத்தில் கை தானாகப் போய்ப் பட்டையை நகர்த்துகிறது என்று கவனியுங்கள். அந்த இடம்தான் பழனி வழியில் புண்ணாகப் போகிற இடம். பட்டையின் நீளம் சரியாக அமைந்ததும் அந்த அளவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், இருட்டில் தளர்ந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பட்டையின் நுனி கொக்கி வழியாக இரண்டு தரம் வளைந்து திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே தரம் நுழைத்து விட்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

புதிதாகப் பட்டையோ கிளிப்போ வாங்குவதென்றால் இந்த நடைக்குப் பிறகு வாங்குங்கள். எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் வாங்கினால் பாதிப் பணம் வீண்.

பனி, வியர்வை, திருநீறு

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். குழுக்கள் வெயிலுக்குப் பயந்து பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவதால் அந்தப் பனி பூராவும் கேமரா மேல்தான் இறங்கும். ஒட்டன்சத்திரம் பக்கம் திறந்த வயல்வெளியில் விடியும் நேரத்தில் கேமராவைத் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் தெளித்தது போலிருக்கும். குளிக்கப் போகும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று வாங்கி, நடக்கும்போது கேமராவின் மேல் மாட்டிவிடுங்கள். ரப்பர் ஓரம் இருப்பதால் விழாது, உருவவும் ஒரு நொடி போதும். மழைக்கும் இதுவே ஓரளவு தாங்கும். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை வரும், அவர்கள் கூடவே பெரிய ஜிப்லாக் கவர் ஒன்றும் வைத்திருக்க வேண்டும்.

ஏசி அறையில் தங்கினால் மட்டும் ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த கேமராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். அறையிலேயே ஜிப்லாக் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

பகலில் எதிரி வியர்வை. உப்புத் தண்ணீர் பொத்தான்களுக்குள் இறங்கினால் பிறகு அவை ஒட்டிக்கொள்ளும். தங்கும் இடம் வந்ததும் சற்றே ஈரமான துணியால் கேமராவின் மேற்பரப்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

திருநீறு வேறு ரகம். பூசும் இடத்தில், தூவும் இடத்தில், காவடிக்கு முன்னால் ஆடும் கூட்டத்தில் அது புகைபோல் பறக்கும். லென்ஸ் கண்ணாடியில் படிந்தால் துண்டால் துடைக்காதீர்கள், துகளோடு சேர்த்துத் தேய்ப்பதாகிவிடும். வாயால் ஊதினாலும் எச்சில் தெறிக்கும். காற்றடிக்கும் ரப்பர் உருண்டை ஒன்றும் மெல்லிய பிரஷ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊதி, பிறகு பிரஷால் தள்ளி, கடைசியில் லென்ஸ் துணி. லென்ஸுக்கு முன்னால் ஒரு யுவி ஃபில்டர் போட்டுவிட்டால் கவலை பாதியாகும். நல்ல ஒளியில் படத்தைக் கெடுக்கும் என்று அதை வேண்டாமென்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஸ்டுடியோவுக்குச் சரி. லென்ஸின் முனையில் மாட்டும் ஹூடையும் எப்போதும் மாட்டியே வையுங்கள், கிளிப்பில் தொங்கும்போது முட்டிக்கொள்வதெல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும்.

சார்ஜ்

மண்டபத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் இருக்கிற ஒன்றிரண்டு பிளக்குகளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து போன்கள் தொங்கும். அங்கே கேமரா சார்ஜரோடு போய் நிற்பது நடக்காத காரியம். உங்கள் கேமரா யுஎஸ்பி வழியாக சார்ஜ் ஏறுமா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். அண்மைக்கால மிரர்லெஸ் பலவற்றில் ஏறும், ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் போதும். கேனான் 1500டி போன்றவற்றில் ஏறாது, கூடுதல் பேட்டரிதான் கதி. வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்து வைத்தால் பேட்டரி நன்றாகவே நீடிக்கும். சார்ஜரும் காலி பேட்டரியும் வேனில் வரட்டும், வேன் டிரைவரிடம் நல்லபடியாகக் கேட்டால் வண்டி ஓடும்போதே ஏற்றிக் கொடுத்துவிடுவார். நிரம்பிய மெமரி கார்டு மட்டும் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும், கேமராவோடு இல்லாமல் தனியாக.

நடையும் படமும்

நடந்துகொண்டே எடுக்காதீர்கள். திண்டுக்கல் – பழனிச் சாலையில் நடக்கிறவர்களுக்கென்று ஓரத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், ஆனால் கூட்டம் நெருங்கும் நாட்களில் ஆட்கள் சாலைக்கு வழிந்துவிடுகிறார்கள். பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் பறக்கும். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைப்பது போதும், அசம்பாவிதத்துக்கு. முதலில் மண்ணுக்கு இறங்குங்கள், நில்லுங்கள், அப்புறம் கேமராவைத் தூக்குங்கள். போலீஸ்காரர்கள் வழியில் உங்கள் பையில் ஒட்டிவிடும் ஒளிரும் பட்டையைக் கேமராப் பட்டை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களை அதிகம் களைப்படைய வைப்பது எடையல்ல, துரத்துவது. நின்று எடுக்கிறார்கள், குழு நூறடி போய்விடுகிறது, ஓடிப் பிடிக்கிறார்கள், மறுபடியும் நிற்கிறார்கள். வெறுங்காலோடு நாள் முழுக்க இப்படி ஓடினால் கால் என்னாகும்? அதற்குப் பதில் ஓய்வு முடியும் போது மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து கிளம்பிவிடுங்கள். முன்னால் போய் ஒரு சின்னப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் உங்கள் குழு நேராக உங்களை நோக்கி நடந்து வரும். முகம் தெரிகிற படம் கிடைக்கும், முதுகாக எடுத்துத் தள்ள வேண்டியதில்லை. அவர்கள் தாண்டிப் போகும்போது எழுந்து சேர்ந்துகொள்ளலாம். ஓய்வும் கிடைத்துவிடும்.

ராத்திரியில் ஃபிளாஷ் போடவே கூடாது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அடித்தால் எதிரே வருகிறவருக்கு அடுத்த நாலு அடிக்குத் தரை தெரியாது. ஐஎஸ்ஓவை (கேமரா எவ்வளவு குறைந்த வெளிச்சத்தையும் பிடிக்கும் என்கிற அளவு) 3200-க்கோ 6400-க்கோ ஏற்றிவிட்டு, பந்தல் விளக்கும் சீரியல் பல்பும் வெளிச்சம் தருகிற இடம் வரும்வரை கேமராவை விட்டுவிடுங்கள். அலகு குத்துகிறவர்களை எடுப்பதற்கு முன் கூட இருக்கும் உறவுக்காரரிடம், "ஒரு படம் எடுத்துக்கட்டுமா சாமி?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். சண்முக நதியில் குளிக்கும் இடத்தில் கேட்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

தூங்கும்போது கேமராவைப் பைக்குள் வைத்து, பையைத் தலைக்கு வைத்து, பையின் பட்டைக்குள் ஒரு கையை நுழைத்துக்கொண்டு படுங்கள். கேமராவின் அடியிலுள்ள சீரியல் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பதும் நல்லது.

அடிவாரம்

2023 அக்டோபர் முதல் பழனி மலைக்கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோகத் தடை. படிப்பாதை, வின்ச் (தண்டவாளத்தில் மேலே இழுக்கும் வண்டி), ரோப் கார் ஏறும் இடங்களில் வாங்கி வைத்துக்கொள்ள மையங்கள் இருக்கின்றன, டோக்கன் தருவார்கள். எந்த இடத்தில் கொடுத்தீர்களோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். ஆகவே படிப்பாதையில் ஏறிவிட்டு, கால் வலிக்கிறதென்று வின்ச்சில் இறங்கினால் மலையைச் சுற்றிப் போகும் கிரிவீதியில் இன்னொரு சுற்று நடக்க வேண்டியிருக்கும். கேமரா கொடுப்பதற்கு முன் மெமரி கார்டை உருவி எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றி உறைக்குள் போடுங்கள். மொட்டை போட்டுக் குளித்து வேட்டி மாற்றுகிற அவசரத்தில் டோக்கன் தொலைவது சகஜம், அதன் எண்ணைக் கூட வருகிற இன்னொருவரையும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் இந்த மையங்களிலும் வரிசை நீளும். குழுவோடு போனவர்கள் அதில் நிற்கவே வேண்டாம். வேனில் சாமான்களுக்குக் காவலாக யாராவது ஒருவர் கீழே இருப்பார், முதல் செட் இறங்கியதும் அவர் ஏறுவார். அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், நீங்கள் இறங்கி வந்ததும் அவர் ஏறும்போது அவருடைய போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.